அண்ணியின் மாடி

எங்கள் அண்ணிக்குச் சொந்தமாக ஒரு மாடி இருக்கிறது என்று சொன்னால், அவர்கள் வீட்டைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அண்ணனும் அண்ணியும் குடியிருப்பது சந்துக் கடைசியில், தரைத்தளத்தில், ஒன்றரை அறை. மேல் வீட்டுக்காரர்கள் துணியைப் பிழியாமல் காயப்போட்டால் தண்ணீர் சொட்டுவது அண்ணியின் வாசலில்தான். ஆனாலும் அண்ணிக்கு மாடி உண்டு. அது தினமும் மத்தியானம் வானத்திலிருந்து இறங்கி வரும். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடி பறந்து போய்விடும்.

புரியும்படியே சொல்கிறேன். நானும் அண்ணியும் விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கிறோம். விமானத்துக்குள்ளேயே ஏறிச் சுத்தம் செய்கிற கோஷ்டி. உலகத்தில் எத்தனையோ விமானக் கம்பெனிகள் இருந்தாலும் இரட்டை மாடி விமானம் ஓட்டுகிறவை விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். யானையைக் கட்டித் தீனி போட எல்லோராலும் ஆகுமா? எங்கள் ஊருக்கு அப்படி ஒரே ஒரு கம்பெனியின் விமானம் வருகிறது. வால் நீலமாக இருப்பதால் எங்களுக்கு அது 'நீலவால்'. நடுவில் சில வருஷம், கட்டுப்படியாகவில்லை என்று அதை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு கூட்டம் தாங்காமல் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் அண்ணி சின்ன விமானங்களைத் துடைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

நீலவால் முதன்முதலில் வந்தபோது மேல்தளத்துக்கு ஆள் கேட்டார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கட்டடத்திலிருந்து மேல் கதவுக்கு நீட்டுகிற பாலம் அப்போது ஒருநாள் வேலை செய்தால் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். படுத்துவிட்டால், பெட்டியைத் தூக்கி உயர்த்துகிற லாரியில் நின்றுகொண்டு அவ்வளவு உயரம் போக வேண்டும். எனக்கு உயரம் என்றாலே ஆகாது. அண்ணிதான் முன்னால் வந்து, "நான் போறேன் சார். எங்க வீட்ல மாடி இல்ல. இங்கயாவது ஏறிப் பாக்கறேன்" என்றார். கோஷ்டியே சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் மாடியம்மா.

அண்ணி வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். வால் பக்கம் ஆரம்பித்து மூக்கு வரை வருவார். இருக்கைப் பையில் விரலை நுழைக்க மாட்டார். உள்ளங்கையால் வெளியே தடவிப் பார்த்துவிட்டுத்தான் கை விடுவார், யாராவது ஊசியோ பிளேடோ சொருகியிருப்பார்கள் என்று. ஒவ்வொரு இருக்கையும் முடிந்ததும் பெல்ட்டைக் குறுக்கே மடித்து வைப்பார். அது எல்லோரும் செய்வதுதான், இந்த இருக்கை முடிந்தது என்பதற்கு அடையாளம். நாங்கள் போட்டால் ஏனோதானோ. அண்ணி போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் மகளுக்கு அதுதான் கதை. "எங்க மாடில இன்னிக்கு ஒருத்தர் பல்செட்டை விட்டுட்டு இறங்கிட்டார்டி. போற இடத்துல என்னத்தைக் கடிப்பாரோ!" என்பார். இன்னொரு நாள், "எங்க மாடில ஒத்தைச் செருப்பு கெடந்துது. இன்னொரு கால்ல என்ன போட்டுட்டுப் போனாளோ?" அண்ணன் மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "மாடிக்கு ஏணி உண்டாம்மா?" "ஏணி என்ன, படிக்கட்டே உண்டு. கம்பளம் விரிச்ச படிக்கட்டு." அந்தக் குழந்தைக்கு அம்மா ஒரு மகாராணி.

குழந்தை அப்படியே இருந்துவிடுமா? பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒருநாள் திடீரென்று மழை. அண்ணி வேலை முடிந்த கையோடு, சீருடையும் மஞ்சள் மேல்சட்டையுமாகக் குடையை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடினார். நானும் கூட இருந்தேன். மகளோடு நின்ற தோழி, "யாருடி அது?" என்று கேட்டாள். இந்தப் பெண் ஒரு வினாடி யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டு அக்கா" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே இரண்டு வைத்திருப்பேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். குடையை நீட்டி, "நனையாம வா பாப்பா" என்று பக்கத்து வீட்டு அக்கா மாதிரியே சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். "விடும்மா, சின்னப் பொண்ணு. அது வயசுக்கு அது பெரிய பள்ளிக்கூடம்" என்றார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு ஒருநாள்கூட அண்ணி சீருடையோடு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததில்லை. எவ்வளவு அசதியாக இருந்தாலும், பேருந்து போய்விடும் என்று நான் கத்தினாலும், ஓய்வறையில் துணி மாற்றி, கூந்தலைப் பிரித்துக் கட்டிக்கொண்டுதான் வருவார். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்?

அண்ணன் மகள் படித்தாள், வெளிநாட்டில் வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம். நாங்கள் யாரும் போக முடியவில்லை, போனில்தான் பார்த்தோம். அவளை நேரில் பார்த்து மூன்று வருஷம். அம்மாவிடம் அன்பாகத்தான் பேசுவாள், குறை சொல்ல முடியாது. இருந்தாலும் என் மனதில் அந்த மழை விடவே இல்லை. எனக்குக் கோபம் வந்தால் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும்.

போன மாதம் அவளுக்கு இன்னும் தொலைவான ஒரு நாட்டில் வேலை மாறியது. புருஷன் முன்னாலேயே போய்விட்டான். புதுக் கம்பெனி எடுத்துக் கொடுத்த டிக்கெட், நீலவாலில். எங்கள் ஊரில் விமானம் எரிபொருள் போட நிற்கும். இங்கே இறங்குகிறவர்கள் இறங்குவார்கள். மேற்கொண்டு போகிறவர்கள் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்து வெளியே வர வழியே இல்லை. ஆனால் நாங்கள் உள்ளே போவோமே!

"அம்மா, நான் கீழ்த்தளம். பின்பக்கம், ஜன்னலோரம்" என்று இருக்கை எண்ணையும் சொல்லியிருந்தாள். அண்ணிக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பிறகுதான் உறைத்தது: அண்ணி மேல்தளம். எங்கள் வேலையில் எந்தத் தளத்துக்குப் பெயர் கொடுத்தோமோ அந்தத் தளத்தோடு சரி. மேல் கதவில் ஏறியவர்களை மேல் கதவில் எண்ணித்தான் இறக்குவார்கள். நடுவில் படிக்கட்டு இருக்கிறது, நாடா கட்டி மூடியிருக்கும். தாண்டினால் வேலை போய்விடும்.

நான் கீழ்த்தளக்காரி. "இதுக்கா இப்படி முழிக்கறீங்க? இன்னிக்கு நீங்க கீழ போங்க, நான் மேல போறேன்" என்றேன்.

"உனக்குத்தான் உயரம்னா ஆகாதே?"

"பாலம்தான இருக்கு. கண்ண மூடிட்டு நடந்துடறேன்."

எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டோம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கறார்'. ஏறும் முன் மாற்றிக்கொண்டால் சரி, ஏறிய பிறகு மூச்சு விடக்கூடாது என்றார். அண்ணி அன்று சீருடையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். ஓய்வறைக் கண்ணாடி முன்னால் நின்று மேல்சட்டையின் கறையை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே, "இப்படியே பாத்தா அவளுக்கு ஒண்ணும் சங்கடமா இருக்காதில்ல?" என்று கேட்டார்.  "சங்கடப்பட்டா நான் வந்து பேசிக்கறேன்" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அழுகை வந்தால் இப்படித்தான் வரும்.

போன்களை வழக்கம்போலக் காலையில் வேலைக்கு வந்ததுமே பெட்டியில் பூட்டியாகிவிட்டது. உள்ளே போனோம். அண்ணி கீழ்ப் பாலம், நான் மேல் பாலம்.

மேல்தளத்தில் முன்னால் எல்லாம் பணக்காரப் படுக்கைகள். வால் பக்கம் சாதாரண டிக்கெட்காரர்களுக்கும் கொஞ்சம் இருக்கை உண்டு. அண்ணியின் முறைப்படி அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசைக்கு வந்து குப்பைப் பையைப் பிரித்தால், ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

"அத்தை?"

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் மகள்! வெளிறிப்போன முகம், கையில் வாந்தி எடுக்கிற காகிதப் பை.

"ஏண்டி, நீ கீழதான இருக்கணும்? இங்க என்ன பண்றே?"

"நீங்க கீழதான இருப்பீங்க? அம்மா எங்க அத்தை?"

"உன்னைப் பாக்கத்தான் கீழ மாறிப் போயிருக்காங்க!"

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ அத்தை, அம்மா மாடிலதான இருப்பாங்கன்னு நான் ஏறும்போது கெஞ்சிக் கூத்தாடி சீட் மாத்திட்டு வந்தேன். மெசேஜ்கூடப் போட்டேனே, பாக்கலையா?"

மெசேஜ் பெட்டிக்குள் பூட்டிக்கொண்டு இருக்கிறது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது இதுதான். ஒருத்திக்காக ஒருத்தி மாறி, அம்மா கீழே, மகள் மேலே. நடுவில் ஒரு நாடா. எரிபொருள் ஏறிக்கொண்டிருப்பதால் அவள் எழுந்திருக்கவும் முடியாது.

மேல்தளத்துக்கான வாக்கி டாக்கி என்னிடம்தான் இருந்தது. எடுத்துக் கீழே கேட்டேன். "மாடியம்மா இருக்காங்களா? கொஞ்சம் பேசணும்." கீழ்த்தளத்துப் பெண் சொன்னாள்: "அவங்க யார்கிட்டயும் பேசல அக்கா. கழிவறைக்குள்ள போய்க் கதவ சாத்திட்டு வேலை பாக்கறாங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு." அதற்குள் நடுவில் கறார் புகுந்து, "வாக்கி டாக்கில சொந்தக் கதை வேண்டாம். வேலையப் பாருங்க" என்றார்.

கண் சிவந்து கிடக்கிறதா? எனக்குப் பொறி தட்டியது. மகள் சொன்ன இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதை அண்ணி பார்த்திருப்பார். அவருக்கு வேறு என்ன தோன்றும்? அம்மா இந்தக் கோலத்தில் வந்து நிற்பாளே என்று மகள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் தோன்றும். பக்கத்து வீட்டு அக்கா கதை மறுபடி. இதோடு விமானம் பறந்துவிட்டால், போனில் ஆயிரம் சமாதானம் சொன்னாலும் அண்ணி "பரவால்லம்மா" என்பார், உள்ளே ஆறவே ஆறாது. என்னால் அதைத் தாங்க முடியாது.

"ஏண்டி, நீ ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கே?" என்று கேட்டேன், கோபத்தை எங்காவது இறக்க வேண்டுமே.

அவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மூணு மாசம் அத்தை. அம்மாகிட்ட நேர்லதான் சொல்லணும்னு வெச்சிருக்கேன்."

அந்த வினாடி எனக்கு வந்த யோசனையை யார் கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். எங்கள் கோஷ்டியில் ஒரு விதி உண்டு. விமானத்தில் யாராவது வாந்தி எடுத்தால் கண்டவர்கள் துடைக்கக் கூடாது, நோய் தொற்றுமாம். அதற்கென்று பயிற்சி எடுத்தவர்தான் வாந்திப் பெட்டியோடு வரவேண்டும். மேலேயோ கீழேயோ எந்தத் தளமானாலும், அவர் ஒருத்தருக்கு மட்டும் நாடா அவிழும், எந்தக் கதவு வழியாகவும் இறங்கலாம். அன்றைக்கு எங்கள் கோஷ்டியில் அந்தப் பயிற்சி எடுத்தவர் அண்ணி மட்டும்தான்.

வாக்கி டாக்கியை வாயருகே வைத்தேன். "மேல்தளம், வால் பக்கம். பயணி வாந்தி. பெட்டியோட ஆள் வேணும்."

கறார் கேட்டார்: "நெறையவா?"

அவள் கையில் இருக்கிற பையைப் பார்த்தேன். ஆபத்துக்குப் பாவமில்லை. "நெறைய சார். தாங்க முடியல."

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணி வந்தார். பிளாஸ்டிக் அங்கி, முகமூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, நீலக் கையுறை, கையில் பெட்டி. பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியாத கோலம். தலையை நிமிர்த்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வந்து, "எங்க?" என்றார்.

"இங்கம்மா" என்றாள் மகள்.

அண்ணி அப்படியே நின்றுவிட்டார். அந்த நிலையிலும் பெட்டியைத் தொப்பென்று போடவில்லை. நடைபாதையை அடைக்காமல் ஓரமாக இறக்கி வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நீ கீழதான இருக்கணும்?"

"நீ மாடிலதான இருக்கணும்?"

"உன் சீட்ல ஒரு ஆள் வாயைத் திறந்துட்டுக் குறட்டை விட்டுட்டு இருக்கார்டி. ரெண்டு தடவை போய்ப் பாத்தேன்." முகமூடிக்குள் அண்ணியின் குரல் உடைந்தது. "நான் வருவேன்னுதான் நீ எடம் மாறிட்டேன்னு நெனச்சிட்டேன் பாப்பா."

"நீ வருவேன்னுதான் மாறினேம்மா. சின்ன வயசுலேருந்து எங்க மாடி எங்க மாடின்னு சொன்னியே. உன் மாடில உக்காந்து போகணும்னு ஆசைம்மா" என்று சொல்லும்போதே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எழுந்திருக்க முடியாதே; உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். அண்ணி குனிந்தார். அங்கி, கையுறை, எல்லாவற்றோடும் சேர்த்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணியின் கைகள் மட்டும் காற்றில் நின்றன. கையுறை அழுக்கு, மகள் மேல் படக்கூடாது என்று.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி காதிலிருந்த பாட்டுக் குழாயைக் கழற்றிவிட்டு, "யாரும்மா இவங்க?" என்று கேட்டார்.

 மழை, குடை, பள்ளி வாசல் எல்லாம் ஒரே அடியாக என் கண் முன்னால் வந்து நின்றன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வரிசை தள்ளி இருப்பவருக்கும் கேட்கும்படி, "எங்கம்மா. இந்த மாடி முழுக்க இவங்க பொறுப்பு. இது சுத்தமா இருக்குன்னா அது எங்கம்மாவாலதான்" என்றாள்.

 எதிரே இருக்கிற இருக்கையின் பெல்ட் கோணலாகக் கிடந்தது, நான் போட்டது. அண்ணி அதை எடுத்து நேராக மடித்து வைத்தார்.  அப்போதுதான் மகள் மடியில் இருந்த பை கண்ணில் பட, வேலை புத்தி வந்துவிட்டது.

"வாந்தி நிஜமாவே எடுத்தியா? என்ன சாப்ட்டே? எத்தனை தடவை?"

"சாப்பாட்டால இல்லம்மா."

"பின்னே?"

மகள் சிரித்தாள். அண்ணி என்னைப் பார்த்தார். நான் மேலே விளக்கைப் பார்த்தேன். ஊரார் வாந்தியை எல்லாம் அள்ளிப் போட்ட பெண்ணுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையுறையை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு, வெறுங்கையை மகள் வயிற்றில் வைத்தார். "அடி என் தங்கமே" என்றார். எனக்குக் கண்ணீரில் கண் தெரியவில்லை. கறார் வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டே இருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

எரிபொருள் போட்டு முடிந்தது, எல்லோரும் பெல்ட் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. மகள் பெல்ட்டைத் தேடினாள். அண்ணி அவள் கையை விலக்கிவிட்டார்.

"இரு, நான் போடறேன். வயித்து மேல போடக் கூடாது. இப்படி, அடிவயித்துக்குக் கீழ. இறுக்கமா இருக்கா?"

"இல்லம்மா."

"நடுவுல நடுவுல எழுந்து நட. தண்ணி குடி. போய் எறங்கினதும் போன் பண்ணு." பெல்ட்டில் 'க்ளிக்' என்று சத்தம் வந்த பிறகும் அண்ணி கையை எடுக்கவில்லை. எத்தனை வருஷமாக ஆளில்லாத இருக்கைகளுக்குக் குறுக்கே மடித்து வைத்த பெல்ட் அது. ஒரு ஆளுக்கு அவர் போட்டுவிட்டது அன்றைக்குத்தான்.

மேல் பாலத்தில் கறார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "நெறைய வாந்தின்னு சொன்னீங்க, தரையில ஒரு சொட்டு ஈரம் இல்லையாமே?"

அண்ணி வாயை மடித்து மூடிய காகிதப் பையை உயர்த்திக் காட்டினார். "இருக்கு சார். எம் பொண்ணு எடுத்தது." அவ்வளவு பெருமையாக வாந்தியைக் காட்டிய ஆளை நான் பார்த்ததில்லை. கறார் பையைப் பார்த்தார், அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பொய் சொன்னதற்கு எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் உண்டு, நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்று என்னிடம் சொன்னார். மறுநாள் தவறாமல் கொடுக்கவும் செய்தார், கறார்தானே. வாங்கிக்கொண்டேன். எனக்கு அது பதக்கம்.

ஓய்வறையில் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அண்ணியைக் காணோம். துணி மாற்றுகிற அறையிலும் இல்லை. பதறிப்போய் வெளியே ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். சீருடை, மஞ்சள் மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை எல்லாம் அப்படியே.

"அண்ணி, துணி மாத்தலையா?"

"எதுக்கு?" என்றார்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மேல்சட்டையைப் பார்த்துவிட்டு, "ஏர்போர்ட்லயா வேலை?" என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே நீலவால் அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி அதைக் கையால் காட்டினார்.

"ஆமா. அதுல, மாடில. எம் பொண்ணு உக்காந்திருக்கா பாருங்க, அங்கதான்."